குளத்தில் தவளைச் சத்தம் நின்றுவிட்டது, வேறு ஊரிலிருந்து பிடித்துவந்து விடலாமா?

நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம். நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து இரண்டு வருடமாக ஊர்க்குளத்தைச் சுத்தம் செய்து வருகிறீர்கள். இந்த ஐப்பசியில் குளத்துப் பக்கம் தவளைச் சத்தமே இல்லை. அணைக்கரை அருகே கொள்ளிடக் கரையிலிருந்து தவளையும் தலைப்பிரட்டையும் கொண்டுவந்து விட்டால் பெருகுமா, அப்படியே பாம்பு பிடிக்கவும் கற்றுக்கொண்டு ஊரில் அடிபட்டுச் சாகிற பாம்புகளைக் காப்பாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் புரிந்துகொண்டவரை, உங்கள் கையால் இந்த உயிர்களுக்கு உருப்படியாக என்ன செய்ய முடியும் என்பதுதான் கேள்வி. தவளையைத் தூக்கிவருவதும் பாம்பைப் பிடிப்பதும் அதற்கு உங்கள் மனதில் தோன்றிய இரண்டு வழிகள்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. முப்பது வருடம் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன். மழைக்காலம் வந்தால் மாணவர்களோடு மன்னார்குடி, கும்பகோணம் சுற்றுவட்டாரத்தில் டார்ச் லைட்டும் நோட்டுமாக வயல் வரப்பில் அலைந்திருக்கிறேன். குளம், குட்டை, வாய்க்கால் பற்றி நான் சொல்வதில் பெரும்பகுதி கண்ணால் பார்த்தது. பாம்பு பிடிப்பவன் அல்லன். அதனால் அந்தப் பகுதியில் எல்லைக்குள் நின்றே பேசுகிறேன்.

முதலில் தவளை. கொண்டுவந்து விடாதீர்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்கள் குளத்தில் தவளை குறைந்ததற்கு ஒரு காரணம் இருக்கும். அது அங்கேயே இருக்க, புதிதாக விடுவதும் அதே கதியைத்தான் அடையும். இருபது வருடத்துக்கு முன் நானே இந்தத் தவறைச் செய்தேன். சாலையோரப் பள்ளம் ஒன்று வற்றிக்கொண்டிருந்தது. அதிலே ஆயிரக்கணக்கில் தலைப்பிரட்டை துடித்துக்கொண்டிருந்தன. மாணவர்கள் மனம் பொறுக்காமல் குடத்தில் அள்ளினார்கள். நானும் தடுக்கவில்லை. பக்கத்துக் கோயில் குளத்தில் விட்டோம். குளம் முழுக்க ஜிலேபிக் கெண்டை. மறுநாள் காலை போய்ப் பார்த்தபோது கரையோரத்தில் ஒரு தலைப்பிரட்டைகூட மிஞ்சவில்லை. பள்ளத்திலேயே விட்டிருந்தால் இரண்டு நாள் கழித்துப் பெய்த மழையில் பாதியாவது பிழைத்திருக்கும். அந்தப் பிள்ளைகளின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

இரண்டாவது காரணம் நோய். தவளையின் தோலைத் தாக்கும் கைட்ரிட் என்ற பூஞ்சை உலகத்தில் பல தவளை இனங்களை அழித்திருக்கிறது. இந்தியாவில் மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளிடமும் கண்டறிந்திருக்கிறார்கள். ஈரமான கை, வலை, வாளி, தவளை எல்லாவற்றோடும் அது பயணம் செய்யும். அதற்குப் பிடித்தது குளிர்ச்சி. நம் சமவெளி வெயிலில் மலைப்பகுதி அளவுக்கு ஆபத்து இருக்காது என்று நம்ப இடமிருக்கிறது. ஆனாலும் ஒரு குளத்து நீரையும் உயிரையும் இன்னொரு குளத்தில் கலப்பதற்கு அதை அனுமதியாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு குளத்தில் இறங்கிய செருப்பு, வலை, வாளி எதுவானாலும் வெயிலில் சுக்காகக் காய்ந்த பிறகே அடுத்த குளத்துக்குப் போகட்டும். இன்னொன்று, கொள்ளிடத்தில் அணைக்கரைப் பக்கம் முதலைகள் உண்டு. இரவில் தவளை தேடி அந்தக் கரையில் இறங்கவே இறங்காதீர்கள்.

அடுத்து, தவளை உண்மையிலேயே போய்விட்டதா என்பது. இங்கேதான் நான் தயங்குகிறேன். மழை பெய்ததும் ஆண்கள் எலுமிச்சை மஞ்சளாக மாறி, தாடையின் இரு பக்கமும் நீலப் பைகள் உப்பக் கத்துமே பெருந்தவளை, அதன் கச்சேரி எல்லாமே முதல் கனமழைக்குப் பின் வரும் ஒன்றிரண்டு இரவுக்குள் முடிந்துவிடும். அந்த இரவு நீங்கள் ஊரில் இல்லையென்றால், அந்த வருடம் தவளையே இல்லை என்றுதான் தோன்றும். தண்ணீர்மேல் தத்தித் தத்தி ஓடும் சிறு தவளை அப்படியில்லை. தண்ணீர் இருக்கிற மாதமெல்லாம் அது கத்தும். குளத்தில் தண்ணீர் நின்றும் அதன் குரல் பல வாரம் கேட்கவில்லையென்றால் அதைத்தான் நான் கவலையோடு பார்ப்பேன். ஒரு பருவத்து மௌனத்தை வைத்து முடிவுகட்ட முடியாது. இரண்டு மூன்று மழைக்காலம் ஒரே முறையில் கேட்டுக் குறித்தால்தான் ஏதாவது சொல்லலாம்.

முறை எளிது. குளத்தைச் சுற்றி மூன்று இடம் முடிவு செய்யுங்கள். பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் கழித்துப் போய், டார்ச்சை அணைத்துவிட்டு இரண்டு நிமிடம் சும்மா நில்லுங்கள். காலடிச் சத்தத்துக்கு அடங்கியவை திரும்பக் கத்தத் தொடங்கும். பிறகு ஐந்து நிமிடம் கேட்டு, ஒவ்வொரு குரலுக்கும் ஒரு எண் போடுங்கள். கேட்கவே இல்லை என்றால் 0, தனித்தனியாக எண்ண முடிந்தால் 1, ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலும் பிரித்தறிய முடிந்தால் 2, ஒரே இரைச்சலாக இருந்தால் 3. தேதி, மழை பெய்ததா, குளத்தில் எவ்வளவு தண்ணீர் என்று பக்கத்தில் எழுதுங்கள். வாரம் ஒருமுறை போதும். கனமழை பெய்த இரவு மட்டும் தவறவிடாதீர்கள். சீப்பின் பல்லை விரலால் வருடினாற்போல் கேட்டால் அது கட்டைவிரல் நகமளவு குறுவாய்த் தவளை. மரத்தில் தட்டுவதுபோல் டக், டக் என்று இடைவெளி விட்டுக் கேட்டால் நம் வீட்டுக் குளியலறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் தேரை. நீளமாக, மூச்சுவிடாமல் இழுத்தால் சொறித்தவளை. பெயர் தெரியாவிட்டாலும் செல்போனில் பதிவு செய்து ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றுங்கள். தேதியோடும் இடத்தோடும் அது நிற்கும், பிறகு யாராவது இனம் சொல்வார்கள். டெல்டாவின் சாதாரண ஊர்க்குளங்களுக்கு இப்படி வருடக்கணக்கான குறிப்பு இருப்பது அபூர்வம். அதனால்தான் சத்தம் குறைந்துவிட்டது என்று எல்லாரும் சொல்கிறோம், எப்போதிலிருந்து, எவ்வளவு என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது.

இப்போது சொல்லப்போவது உங்களுக்கு வருத்தம் தரலாம். நீங்கள் செய்த சுத்தமே ஒரு காரணமாக இருக்கக்கூடும். உறுதியாகச் சொல்ல நான் அந்தக் குளத்தைப் பார்த்ததில்லை. ஆனால் இதே மாதிரி பல குளங்களைப் பார்த்திருக்கிறேன். ஜேசிபி இறங்கும். ஆழமாகத் தூர் வாருவார்கள், கரையைச் செங்குத்தாக வெட்டுவார்கள், கோரையையும் புல்லையும் அடியோடு எடுப்பார்கள், கல் பதிப்பார்கள், சுற்றி நடைபாதை போடுவார்கள், விளக்குக் கம்பம் நடுவார்கள். படம் எடுத்தால் குளம் அழகாகத்தான் இருக்கும். தவளைக்கு அங்கே வேலை இல்லை. அதற்கு நடுக்குளத்து ஆழம் தேவையே இல்லை. கணுக்கால் அளவிலிருந்து முழங்கால் அளவு வரை தண்ணீர் நிற்கும் சரிவான ஓரம்தான் அதன் உலகம். வெயிலில் சீக்கிரம் சூடாகும் அந்த ஓரத்தில்தான் முட்டை பொரிக்கும், தலைப்பிரட்டைக்குப் பாசி கிடைக்கும், பெரிய மீன் எட்டாது. தேரை தண்ணீருக்கு மேல் தொங்கும் இலையிலும் கிளையிலும் நுரைக்கூடு கட்டி முட்டையிடும். கிளையை வெட்டிவிட்டால் கூடு எங்கே கட்டும்? முதலில் குப்பை, பிளாஸ்டிக், ஆகாயத்தாமரை, நெய்வேலிக் காட்டாமணக்கு என்று நீங்கள் எடுத்ததெல்லாம் சரிதான். கோரையையும் கரைப்புல்லையும் அதே கணக்கில் சேர்த்ததுதான் பிசகு.

ஆகவே ஊராட்சித் தலைவரிடம் பேசி, குளத்தின் ஒரு பக்கத்தையாவது மண் கரையாகவே விடச் சொல்லுங்கள். படித்துறைக்கு எதிர்ப்பக்கம், ஆள் புழக்கம் குறைந்த மூலை நல்லது. கரையிலிருந்து ஏழெட்டுத் தப்படி உள்ளே நடந்தால்தான் தண்ணீர் முழங்காலைத் தொட வேண்டும், அந்த அளவுக்குச் சரிவு. அந்த மூலையில் புல்லை வெட்டாதீர்கள், விளக்கு வேண்டாம். கல் கட்டியாகிவிட்டது, பிரிக்க முடியாது என்றால் இரண்டு மூன்று இடத்தில் மண் கொட்டிச் சரிவு போட்டுக் கொடுங்கள். குட்டித் தவளையும் ஆமையும் ஏறிவர அது போதும்.

தூர் வாரும் நேரமும் ஒரு பிரச்சினை. வண்டல் எடுப்பது கோடையில்தான், வேறு வழி இல்லை. ஆனால் அதே கோடையில்தான் பெருந்தவளையும் ஆமையும் சேற்றுக்குள் புதைந்து மழைக்குக் காத்திருக்கின்றன. வயலிலும் குளத்திலும் கிடக்கும், வயிற்றுப் பக்கம் மடல் வைத்துக் காலை மூடிக்கொள்ளும் மெல்லிய ஓட்டு ஆமையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. உலக அளவிலும் ஆபத்து நிலைக்கு வந்துவிட்ட இனம். ஜேசிபி கரண்டி எடுக்கும் ஒவ்வொரு அள்ளிலும் அது இருக்கலாம். நாங்கள் ஒரு குளத்தில் வேலை நடந்த நாட்களில் வனத்துறை அலுவலகத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, வண்டிக்குப் பக்கத்தில் இரண்டு பையன்களை நிறுத்தினோம். சேறு கொட்டும் இடத்தில் கூடையோடு நின்று பார்ப்பதுதான் வேலை. ஒரே காலையில் ஏழு ஆமை. டிரைவருக்கே ஆச்சரியம். பிறகு அவரே நிறுத்தி நிறுத்தித் தோண்டினார். எடுத்தவற்றை அதே குளத்தின் தோண்டாத மூலையில், ஈரச் சேற்றில் வைத்தோம். அதற்காகத்தான் குளத்தை ஒரே கோடையில் முழுவதும் வாராமல், பாதியை அடுத்த வருடத்துக்கு விடச் சொல்கிறேன். உங்கள் ஐந்து பேருக்கு இதைவிடப் பயனுள்ள வேலை எனக்குத் தெரியவில்லை. மறுபடி சொல்கிறேன், வனத்துறைக்குத் தெரிவிக்காமல் ஆமையைத் தொட்டால் நல்லெண்ணம் சட்டத்தின் முன் நிற்காது.

மீன் குத்தகை இன்னொரு சிக்கல். குளத்தை ஏலம் விட்டு ஊருக்கு வருமானம் வருகிறது, அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை, சொன்னாலும் நடக்காது. ஆனால் வருடம் முழுவதும் போர்த் தண்ணீர் விட்டு மீன் வளர்க்கும் குளத்தில் தவளை முட்டைக்கு இடமில்லை. கொசுவுக்காக விடுகிற கம்பூசியா மீன் கொசுப்புழுவோடு தவளை முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பு 2000ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டது, யாராவது விட்டால் மீன்வளத் துறைக்குச் சொல்லுங்கள். மாற்று வழி, குளத்துக்குப் பக்கத்திலேயே மீன் இல்லாத இரண்டு ஆழமற்ற குட்டைகள். முழங்கால் ஆழம், ஒரு மாட்டுக்கொட்டகை அகலம். மழையில் நிறைந்து மாசி, பங்குனியில் வற்ற வேண்டும். வற்றுவது குறை இல்லை, அதுதான் காவல். வற்றினால் மீன் தங்காது. நம் ஊர்த் தவளைகளின் தலைப்பிரட்டைப் பருவம் இனத்தைப் பொறுத்து மூன்று வாரத்திலிருந்து ஆறேழு வாரம் வரை. இரண்டு மாதம் தண்ணீர் நின்றால் போதும், வேலை முடிந்துவிடும். வாய்க்கால் மதகோடு குட்டையை இணைக்காதீர்கள், மேட்டூர்த் தண்ணீரோடு மீனும் வந்துவிடும்.

வயலுக்கு வருவோம். குளத்துத் தவளை வருடத்தில் பாதி நாள் வயலில்தான் இருக்கிறது. சம்பா நட்ட மூன்றாம் நாள் மணலில் கலந்து தூவும் பூட்டாகுளோர் களைக்கொல்லி தலைப்பிரட்டையைக் கொல்லும் என்பது ஆய்வகச் சோதனைகளில் தெளிவாகத் தெரிந்தது. வரப்பில் அடிக்கும் கிளைபோசேட் மருந்துகளில் சேர்க்கும் ஒட்டுதிரவமும் அப்படித்தான். நிஜ வயலில் எவ்வளவு சாகிறது என்பது மழை, தண்ணீர் நிறுத்தும் நாள், அளவு எல்லாவற்றையும் பொறுத்து மாறும், ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. போரேட் குருணை 2020 டிசம்பரோடு தடையானது, கடையில் பழைய இருப்பு என்று கொடுத்தாலும் வாங்க வேண்டாம். விவசாயியிடம் போய் மருந்தே அடிக்காதே என்று நின்றால் கதவு சாத்தப்படும். அவர் வயிற்றுப்பாடு அது. வரப்புக்கு மட்டும் களைக்கொல்லி வேண்டாம், அறுத்து மாட்டுக்குப் போடுங்கள் என்று கேளுங்கள். மருந்து அடித்த வயலின் தண்ணீரை உடனே வடிகாலில் திறந்துவிடாமல் கட்டி வையுங்கள் என்று கேளுங்கள். எங்கள் பக்கத்தில் இதற்கு இசைந்தவர்கள் உண்டு.

ஊரில் பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள். தவளை பெருகினால் கொசு ஒழியும், டெங்கு வராது என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 1987இல் தவளைக்கால் ஏற்றுமதியை அரசு தடை செய்த நாளிலிருந்து இந்தப் பேச்சு ஓடுகிறது. என் சிறுவயதில் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு வந்து கோணிப்பையில் தவளை அள்ளிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்தத் தடை மிக அவசியமானது. பயிர்ப் பூச்சியைத் தவளை தின்பது உண்மை, அதைச் சொல்லுங்கள். ஆனால் கொசு விஷயத்தில் ஆதாரம் அவ்வளவு உறுதியாக இல்லை. ஒரு வருடம் டெங்கு வந்தால் உங்கள் மற்ற பேச்சும் எடுபடாமல் போகும்.

கிணறு, வாய்க்கால் இரண்டுக்கும் ஆளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணற்றில் தவளை, சாரை, உடும்பு எல்லாம் விழுந்து ஏற முடியாமல் செத்துக் கிடக்கும். மேலிருந்து தண்ணீர் மட்டம் வரை ஒரு பழைய சாக்கையோ தடித்த தேங்காய்நார்க் கயிற்றையோ தொங்கவிடுங்கள். சிமென்ட் போட்ட வாய்க்காலில் அங்கங்கே கரடுமுரடாகக் கல் அடுக்கிச் சாய்வு வையுங்கள். நாற்றங்காலைச் சுற்றிக் கட்டி, பிறகு அப்படியே விட்டுவிடும் நைலான் வலையில் சிக்கி மெல்லச் சாகிற சாரைப்பாம்புகள் நிறைய. பருவம் முடிந்ததும் வலையைச் சுருட்டி எடுக்க வைத்தாலே பல உயிர் மிஞ்சும்.

பாம்புக்கு வருகிறேன் தம்பி. பிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டாம் என்பதே என் கருத்து. சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள் பிடிப்பதும் அடங்கும். வனத்துறை அனுமதி இல்லாமல் பிடித்தால் குற்றம். அதைவிட முக்கியம் உயிர். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் 12 லட்சம் பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். சென்னை அருகே வடநெம்மேலியில் 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, விஷமுறிவு மருந்துக்காகப் பாம்பு விஷம் எடுத்துக் கொடுக்கும் இருளர் மக்களுக்கு அந்தக் கை பழகியது சிறுவயதிலிருந்து. அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மூன்று நாள் பயிற்சியும் ஒரு கொக்கிக் கம்பியும் அதற்கு ஈடாகாது. பிடித்த பாம்பை எங்கோ தூரத்தில் கொண்டுபோய் விட்டால், பழகாத இடத்தில் அலைந்து அது சாகும் வாய்ப்பும் அதிகம்.

நீங்கள் செய்யக்கூடியது அடிப்பதை நிறுத்துவது. வீட்டுக்குள் பாம்பு வந்தால் தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ போன் செய்துவிட்டு, அவர்கள் வரும்வரை கூட்டத்தை ஒதுக்கி, பாம்பு எங்கே போகிறது என்று தள்ளி நின்று பார்த்துக்கொள்ள ஒரு நிதானமான ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்களாக இருங்கள். ஊரில் ஓடும் கதைகளுக்கும் பதில் வைத்திருங்கள். சாரையும் நல்ல பாம்பும் பிணைவதாக நினைத்து நாம் பார்ப்பது இரண்டு ஆண் சாரைகளின் மல்லுக்கட்டு. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டுச் சுடுகாட்டு மரத்தில் ஏறிப் பார்க்கும் என்பார்கள், அதற்கு விஷமே கிடையாது. தஞ்சாவூர்க் கிட்டி வைத்து எலி பிடித்துத் தரக் கூலி கொடுக்கும் விவசாயிக்கு, கூலி இல்லாமல் அதே வேலையைச் செய்யும் சாரையைப் பற்றிச் சொன்னால் காது கொடுப்பார். கூடவே, கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் நம் வரப்பில் இருக்கின்றன என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இரவில் டார்ச் இல்லாமல் வயலுக்குப் போகாதீர்கள், தரையில் படுக்காதீர்கள். கடித்தால் கீறவும் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம், அசையாமல் வைத்து நேரே அரசு மருத்துவமனை. விஷமுறிவு மருந்து அங்கே இருக்கிறது. கட்டுவிரியன் கடித்த இடம் வலிக்காமலே போகலாம், அதனால் காத்திருக்கக் கூடாது.

இரவில் நடக்கும் ஆசை உங்களுக்கு இருந்தால் தை முதல் பங்குனி வரை நாகப்பட்டினம், வேதாரண்யம் கடற்கரைக்குப் போங்கள். பங்குனி ஆமை முட்டையிடும் காலம் அது. வனத்துறை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறது. முன்கூட்டியே கேட்டால் உடன் நடக்கத் தன்னார்வலர்களை அனுமதிப்பதுண்டு. சென்னையில் மாணவர்கள் 1988இலிருந்து இப்படி நடந்துவருகிறார்கள்.

2023இல் வெளியான உலகக் கணக்கெடுப்பின்படி நீர்நில வாழ்வனவற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 41 இனங்கள் அழியும் ஆபத்தில் இருக்கின்றன. உங்கள் குளத்துத் தவளைகள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் வராதவை. இன்றைக்கு ஏராளமாக இருப்பதை ஏராளமாகவே வைத்துக்கொள்ளும் வேலை உங்களுடையது. அதற்கு அபூர்வ இனம் எதுவும் தேவையில்லை.

இந்த மார்கழிக்குள் இன்னும் மழை இருக்கும். இந்த வாரமே மூன்று இடம் முடிவு செய்து கேட்கத் தொடங்குங்கள். குளத்தின் நான்கு கரையும் எப்படி இருக்கிறது, எது மண், எது கல், மீன் குத்தகை உண்டா, கோடையில் வற்றுமா என்று இங்கேயே எழுதுங்கள். ஒலிப்பதிவைப் போட்டால் எந்தத் தவளை என்று என்னால் முடிந்தவரை சொல்கிறேன். சித்திரையில் ஜேசிபி வருவதாக இருந்தால் தேதி தெரிந்ததும் முதலில் வனத்துறைக்குச் சொல்லிவிட்டு எனக்கும் ஒரு வரி போடுங்கள், கூடையோடு நிற்க நானும் வருகிறேன்.